அரைக் கிலோவும் 52 கிலோவும்

2020 ஜனவரியில் கோவை வி.ஜி.எம். மருத்துவமனையில் ஏழாம் வகுப்புப் படிக்கும் 13 வயதுச் சிறுமியின் இரைப்பையிலிருந்து அரைக் கிலோ தலைமுடியை எடுத்தார்கள். முடியோடு காலி ஷாம்பு பாக்கெட்டுகளும் வந்தன. அதற்கு மூன்று மாதம் முந்தி, 2019 அக்டோபரில், சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு கறவை மாட்டின் வயிற்றைத் திறந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அள்ளிப் போட்டார்கள். அந்த அறுவைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிடித்தது.

இரண்டு செய்தியும் வந்த வேகத்தில் போயின. கைப்பேசியில் படத்தைப் பார்த்து முகம் சுளித்தோம், அடுத்தவருக்கு அனுப்பினோம், மறந்தோம். எனக்கு மட்டும் மறக்கவில்லை. அடுத்த வருஷமே ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் அத்தை வீட்டு மாட்டுக்கு அதே சீக்கு வந்தது. அறுவைக்கு அந்த மாட்டைக் கட்டியிருந்தபோது தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அன்றைக்கு அதன் வயிற்றிலிருந்து வந்ததைப் பார்த்ததும், முகம் தெரியாத அந்தக் கோவைச் சிறுமியின் நினைவு வந்தது. அப்போதிலிருந்து இரண்டையும் சேர்த்தே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வயிறும் அடைபட்ட விதம் ஒன்றுதான். அடைத்தது எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டும் பிரிகின்றன. அந்தப் பிரிவைப் பார்க்காமல், இரண்டு இடத்திலும் நாம் தின்ற வாயைத்தான் குற்றம் சொல்கிறோம்.

வயிற்றில் செரிக்காமல் தங்கி, பின்னி, உருண்டு கெட்டிப்படும் பொருளுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் பெசோர். நஞ்சை முறிப்பது என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. காட்டாட்டின் வயிற்றில் கிடைத்த கல்லை விஷமுறிவு என்று நம்பி அரசர்கள் பெரும்பணம் கொடுத்து வாங்கிய காலம் ஒன்று இருந்தது. கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563இல் அங்கேயே அச்சிட்ட தம் நூலில் இந்தக் கல்லைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறார். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கோரோசனையும் இதுவும் ஒன்றா என்று சிலர் கேட்பார்கள். கோரோசனை மாட்டின் பித்தப்பையில் விளையும் கல், அதற்கும் தீனிக்கும் தொடர்பில்லை. நாம் பேசுவது வாய் வழியே போனது வெளியேற வழியில்லாமல் நிற்பதைப் பற்றி.

மனித இரைப்பை ஒன்றரை லிட்டர் பிடிக்கும். மாட்டின் பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். அளவில் இத்தனை தூரம் இருந்தாலும் இரண்டுக்கும் வெளிவாசலில் ஒரு சல்லடை இருக்கிறது. நம் இரைப்பை, உணவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துணுக்காக அரைத்த பிறகுதான் சிறுகுடலுக்குள் விடும். மாட்டிலும் அப்படித்தான். பெருவயிற்றில் ஊறியதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து, அசைபோட்டு, மாவாக்கி அனுப்பினால்தான் ஏடு ஏடாக மடிந்திருக்கும் மூன்றாவது அறைக்குள் அது நுழையும். நீளமானது, தட்டையானது, அரைபடாதது எதுவாக இருந்தாலும் வாசலில் நின்றுவிடும். உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள வைத்த ஏற்பாடு இது. முடிக்கும் பாலித்தீனுக்கும் முன்னால் அந்த ஏற்பாடே பொறியாகிவிடுகிறது.

முடி எந்தச் செரிமான நீருக்கும் கரையாது. அதன் புரதம் கந்தகப் பிணைப்பால் இறுகியது. வழுவழுப்பாக இருப்பதால் இரைப்பையின் அசைவு அதைப் பிடித்துத் தள்ளவும் முடியாது. ஓர் இழை உள்மடிப்பில் சிக்கும், அடுத்தது அதில் சுற்றும், அதன்மேல் சோறும் கொழுப்பும் ஒட்டும். மாதக்கணக்கில் இப்படிச் சேர்ந்து, கடைசியில் இரைப்பையின் வடிவத்தையே அச்சாக வார்த்த மாதிரி ஒரு கட்டி நிற்கும். வெளிர்முடிக்காரர்களுக்கும் உள்ளே எடுக்கும் கட்டி கறுப்பாகவே இருக்கும், அமிலம் அப்படி ஆக்கிவிடுகிறது. அதில் சிக்கிய உணவு அழுகுவதால் வாய் நாற்றமடிக்கும். சிலருக்கு இந்தக் கட்டி ஒரு வாலை நீட்டிச் சிறுகுடலுக்குள் வெகுதூரம் இறங்கியிருக்கும். நீண்ட கூந்தலைக் கோபுரத்திலிருந்து கீழே விட்ட ஜெர்மானியக் கதைப் பெண் ராபன்செல்லின் பெயரை 1968இல் இதற்குச் சூட்டினார்கள். ஒரு பிள்ளை பட்ட வேதனைக்குக் கதைப் பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பாடநூல்களில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

பாலித்தீன் பின்னும் விதம் வேறு. மாட்டின் பெருவயிறு நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை சுருங்கி விரிந்து தீனியைக் கிண்டிக்கொண்டே இருக்கும். அந்தக் கிளறலில் பைகள் முறுக்கிக்கொள்ளும். ஒரு பையின் காதில் இன்னொரு பை நுழையும். நைலான் கயிறு கிடைத்தால் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும். முடி பந்தாகிறது என்றால் இது வடமாகிறது. இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: கட்டி பெரிதாகப் பெரிதாகத் தீனிக்கு இடம் குறையும், குறைவதை உடனே யாரும் கவனிக்கமாட்டார்கள்.

அத்தையின் மாடு இரண்டாம் ஈத்து, கலப்பினம், நல்ல கறவை. முதலில் பால் இறங்கியது. தவிட்டுத் தண்ணியைக் குடித்தது, சோளத்தட்டைப் போட்டால் முகர்ந்துவிட்டு ஒதுங்கியது. பிறகு இடப்பக்க விலா உப்ப ஆரம்பித்தது. ஒரு நாள் உப்பும், இரண்டு நாள் வடியும், மறுபடி உப்பும். உப்புசம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நல்லெண்ணெய் புகட்டினோம். பெருங்காயம் கரைத்துக் கொடுத்தோம். வெற்றிலையில் மிளகும் உப்பும் வைத்துத் திணித்தோம். அத்தைதான் ஒரு சாயங்காலம் கட்டுத்தரையில் உட்கார்ந்து கவனித்துவிட்டுச் சொன்னார்: "உப்புசம் இல்ல கண்ணு. படுத்த மாடு அசபோடவே இல்ல பாரு. ரெண்டு நாளா வாய் சும்மாவே கெடக்குது." நலமுள்ள மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். அந்த வாய் ஓய்ந்ததை அவர் கவனித்ததால்தான் மாடு பிழைத்தது.

மாட்டுக்கு வயிற்றறுவை நின்றபடியே நடக்கும். இடப்பக்கம், விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே குழிந்திருக்கும் இடத்தை மழித்து, கழுவி, மரமரப்பு ஊசி போட்டார்கள். தோலை ஒரு சாண் அளவுக்குக் கீழ்நோக்கி அறுத்தார்கள். மாடு காதை மட்டும் ஆட்டியது. உள்ளேயிருந்து பெருவயிற்றின் சுவரை இழுத்து, தோலின் ஓரத்தோடு சுற்றிலும் பிணைத்த பிறகுதான் அதில் கத்தி வைத்தார்கள். உள்ளே இருப்பது ஒரு சொட்டும் வயிற்றறைக்குள் சிந்தக்கூடாது, சிந்தினால் சீழ்பிடித்து மாடு போய்விடும் என்று கால்நடை டாக்டர் விளக்கிக்கொண்டே செய்தார். திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. தோள்வரை நீண்ட கையுறை மாட்டிய கையை உள்ளே விட்டார். அவர் முகம் வேறெங்கோ பார்த்தபடி இருக்க, கை மட்டும் உள்ளே தேடியது. பிறகு இழுத்தார். வரவில்லை. "பிடிச்சுக்குங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு இரண்டு கையாலும் இழுத்தார். சாணிப் பச்சையில் ஊறிய ஒரு வடம், முழங்கைக் கனத்தில், வந்துகொண்டே இருந்தது.

தண்ணீர் விட்டு அலசியபோது ஒவ்வொன்றாக அடையாளம் தெரிந்தது. பால் கவர். சாம்பார் பார்சல் கட்டிய மெல்லிய கவர், வாயில் போட்ட நூல் அப்படியே சுற்றியிருந்தது. மளிகைக்கடைக் கறுப்புப் பை. உர மூட்டையின் உள்பை கிழிந்த துண்டு. ஜவுளிக்கடை பெயரே இன்னும் படிக்கும்படி இருந்த மஞ்சள் பாலித்தீன் பை. ஒரு பைக்குள் முடிச்சு அவிழாமலே ஏதோ பழைய உணவு கறுத்துக் கிடந்தது. எல்லாம் சேர்த்து 18 கிலோ. தையல் போட்டு முடித்ததும், நலமாக இருந்த இன்னொரு மாட்டின் பெருவயிற்று நீரைக் கொண்டுவந்து எங்கள் மாட்டுக்குப் புகட்டினார்கள். தீனியை நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மறுபடி குடியேறுவதற்காகவாம். ஒரு மாட்டின் வயிற்றைக் கொண்டு இன்னொரு மாட்டின் வயிற்றை உயிர்ப்பிக்கும் அந்த வேலையைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வேப்பேரி மாட்டின் 52 கிலோவோடு ஒப்பிட்டால் எங்களது சிறியது. ஆனால் எடை இங்கே அவ்வளவு முக்கியமில்லை. கோவைச் சிறுமியின் அரைக் கிலோ, ஒன்றரை லிட்டர்ப் பையில் கிடந்தது. அந்தப் பிள்ளைக்கு அது 52 கிலோவுக்குக் குறைந்த பாரமாக இருந்திருக்காது.

பெரிய கட்டி இரைப்பையிலேயே கிடந்தால் அது மெதுவாக வாட்டும். அதிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து சிறுகுடலுக்குள் போய்விட்டால் கதை வேகமெடுக்கும். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் குழாய் மிகவும் குறுகலாக இருக்கும். துண்டு அங்கே போய் மாட்டும். வயிறு உப்பும், வலி விட்டு விட்டு முறுக்கும், வாந்தி முதலில் சோறாகவும் பிறகு பச்சையாகவும் வரும். மலமும் காற்றும் நின்றுபோகும். அப்புறம் நாள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குத்தான். குடலடைப்பால் மருத்துவமனைக்கு வருபவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவானவர்களுக்கே பெசோர் காரணமாக இருக்கிறது. அரிது என்பதாலேயே கடைசியில் நினைவுக்கு வருகிறது. முடிதான் என்றில்லை, நார்க்கட்டியும் இப்படி அடைக்கும். ஒரு தலைமுறைக்கு முன் நம் பக்கம் அல்சர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஏராளம். அந்த அறுவைக்குப் பின் இரைப்பையின் அரைக்கும் வலு குறையும். பல்லும் போன வயதில் அவர்கள் ஆரஞ்சுச் சுளையைச் சக்கையோடு விழுங்கினால், அது உருண்டு குடலில் போய் நிற்பதுண்டு. நாள்பட்ட சர்க்கரை நோயில் இரைப்பை சோம்பிப்போனவர்களுக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. நார்க்கட்டி சிலருக்குக் கோலா பானத்தில் கரைந்திருக்கிறது, மருத்துவமனைகளே முயன்று பார்த்த வழிதான் அது. முடி எதிலும் கரைவதில்லை. கோவையிலும் முதலில் எண்டோஸ்கோப்பி வழியாக எடுத்துப் பார்த்தார்கள், வரவில்லை, பிறகுதான் அறுவைக்குப் போனார்கள்.

கண்டுபிடிக்கும் வேலையில் இரண்டுக்கும் ஒரு விசித்திரமான வித்தியாசம் உண்டு. மனிதருக்குக் கருவி இருக்கிறது. ஸ்கேனில் இரைப்பை நிறையக் காற்றுப் புள்ளிகள் கலந்த ஒரு பொதி தெரிந்தால், அனுபவமுள்ளவர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். மாட்டுக்குள் பாலித்தீன் எக்ஸ்ரேயில் தெரியாது. ஆணியோ கம்பியோ இருந்தால் தெரியும், பை தெரியாது. டாக்டர் முஷ்டியால் இடவிலாவை அமுக்கிப் பார்ப்பார், சாணியைக் கிளறிப் பார்ப்பார், மாட்டுக்காரரிடம் கேள்வி கேட்பார். திறந்து பார்க்கும்வரை நிச்சயம் கிடையாது. ஆனால் மாடு எதையும் ஒளிப்பதில்லை. எல்லார் கண் முன்னாலும் குப்பைமேட்டில் நின்று தின்கிறது. வேப்பேரி மாடு தன் பின்னங்காலால் வயிற்றை உதைத்து உதைத்துக் காட்டியது. கன்று ஈன்று சில வாரமே ஆகியும் பால் குறைந்து காட்டியது. பேச முடியாத ஜீவன் சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டது.

பேசத் தெரிந்த பிள்ளை சொல்லவில்லை. ஒளித்துத் தின்றது. முடியைப் பிய்த்துத் தின்னும் பழக்கம் உள்ளவர்களில் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள், அதிலும் வளரிளம் பருவத்தினர். இரவில் போர்வைக்குள், பாடம் படிக்கும் சாக்கில், தனியாக இருக்கும்போது செய்வார்கள். தலையில் ஓர் இடம் மட்டும் முடி அடர்த்தி குறைந்திருக்கும். அதை மறைத்து வகிடு மாற்றிச் சீவிக்கொள்வார்கள். அம்மா கேட்டால் பொடுகு என்பார்கள். கோவைச் சிறுமியின் வீட்டில் நெருங்கிய உறவினர் ஒருவர் திடீரென்று இறந்துவிட்டார், அந்த அதிர்ச்சியில்தான் அவள் இப்படித் தின்னத் தொடங்கினாள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். சாவு வீட்டில் பெரியவர்களுக்கு ஒப்பாரி இருக்கிறது, காரியம் இருக்கிறது, வந்துபோகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்ள முடிகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? "நீ போய்ப் படி" என்கிறோம்.

இந்த இடத்தில் எங்கள் ஊரில் இன்னொன்று குறுக்கே வரும். சேலம், நாமக்கல் பக்கம் பிள்ளை வாந்தியெடுத்தால், சோறு இறங்காவிட்டால், முதலில் கேட்கும் கேள்வி "தொக்கம் எடுத்தீங்களா" என்பதுதான். குடலில் ஏதோ ஒட்டிக்கொண்டது என்பது கணக்கு. எனக்கு ஆறு வயதில் அம்மாயி தூக்கிக்கொண்டு போனது இன்னும் நினைவிருக்கிறது. விளக்கெண்ணெய் தடவிய கை, தொப்புளைச் சுற்றி மேலிருந்து கீழ் நீவியது. அந்த அம்மாள் என் வாயருகே வாய் வைத்து ஊதினார், உறிஞ்சினார், பிறகு தம் உள்ளங்கையில் எதையோ துப்பிக் காட்டினார். சுருண்ட ஓர் இழை முடியில் ஒட்டிய சோற்றுப் பருக்கை. அம்மாயி அதைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டார். எனக்கும் அன்று சாயங்காலமே பசித்தது.

அந்தக் கையின் சூட்டை நான் மரியாதையோடுதான் நினைக்கிறேன். வயிற்றில் முடி சிக்கும், சிக்கினால் சோறு இறங்காது என்ற ஓர் அறிவு இந்த மண்ணில் எப்போதோ இருந்திருக்கிறது என்பதற்கும் தொக்கம் சாட்சியாக இருக்கலாம். ஆனால் தெளிவாக ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இரைப்பையில் இறுகிய முடிக்கட்டியை எந்த ஊதலும் உறிஞ்சலும் வெளியே கொண்டுவராது. பிள்ளைகளின் சாதாரண வாந்தி இரண்டு நாளில் தானே நிற்கும், தொக்கம் எடுத்ததால் நின்றது என்று நம்பிவிடுகிறோம். உண்மையான அடைப்பு இருக்கும்போது வயிற்றை அழுத்தி நீவினால் குடல் ஓட்டையாகிவிடலாம். மேல்வயிற்றில் கையால் தொட்டு உணரக்கூடிய கட்டி, இரண்டு வாய்க்கே வயிறு நிறைவது, நாள்பட்ட வாந்தி, வாய் நாற்றம், தலையில் ஓரிடத்தில் மட்டும் முடி குறைவது — இவை சேர்ந்து வந்தால் நேராக அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். இன்னொரு கொடுமையும் உண்டு. மெலிந்துகொண்டே போகும் பெண்பிள்ளைக்கு யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று சொல்லி, எங்கோ கூட்டிப்போய், வாந்தியெடுக்க வைத்து, அதில் முடி வந்தால் "பாருங்கள், செய்வினை" என்று காட்டிவிடுவார்கள். முடி அந்தப் பிள்ளையின் சொந்த முடி. அதை அவளே தின்றாள். எதற்காகத் தின்றாள் என்று கேட்க வேண்டிய நேரத்தில், வைத்தது யார் என்று ஒரு குடும்பமே தேடிக்கொண்டு அலைகிறது.

மாட்டின் விஷயத்தில் இந்தக் கேள்வி தலைகீழாகிறது. அங்கேதான் போட்டது யார் என்று கேட்க வேண்டும். நாம் கேட்பதோ "இந்த மாடு ஏன் கண்டதையும் தின்னுது?"

அதற்கும் பதில் இருக்கிறது. ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும். மாடு நாக்கைச் சுழற்றி வாரித் தின்னும், மேல்வரிசையில் முன்பல்லும் கிடையாது. வாரியதில் எது தட்டு, எது பை என்று பிரிக்க அதற்கு வழியில்லை. தீனியில் பாஸ்பரஸ் போன்ற தாதுக்கள் குறைந்தால் துணி, எலும்பு, கயிறு, பை என்று எதையும் மெல்ல ஆரம்பிக்கும். இது ஆசையால் வருவதல்ல, உடம்பின் பற்றாக்குறை. இங்கே மாடும் பிள்ளையும் மறுபடி ஒன்றாகிறார்கள். மண், சாம்பல், சுண்ணாம்பு, பச்சரிசி, முடி என்று தின்னும் பிள்ளைகளில் பலருக்கு இரும்புச்சத்துக் குறைந்திருக்கும். அதனால் மாட்டுக்குத் தாது உப்புக் கலவையும் பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனையும் முதல் வேலை. ஆனால் தாது உப்பு மட்டும் மாட்டைக் காப்பாற்றாது. நாம் மிச்சச் சோற்றையும் காய்த் தோலையும் பையில் போட்டு, நாற்றம் வராமல் இருக்க வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு, வேலியோரம் வீசுகிறோம். மாட்டுக்கு உள்ளே இருக்கும் சோற்றின் வாசம் தெரிகிறது. முடிச்சை அவிழ்க்க அதற்குக் கை இல்லை. பையோடு விழுங்குகிறது. எங்கள் மாட்டின் வயிற்றில் அவிழாமல் கிடந்த அந்த முடிச்சு மனிதக் கை போட்டது.

புதன்சந்தை மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், மடியைத் தடவிப் பார்ப்பார்கள், சுழியைத் தேடுவார்கள், துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வயிற்றுக்குள் எத்தனை கிலோ பாலித்தீன் இருக்கிறது என்று பார்க்க எந்தத் தரகருக்கும் வழியில்லை. வாங்கிப்போன ஏழை சம்சாரி ஆறு மாதம் கழித்து அழுவார்.

அறுவைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில் எனக்கு மிகவும் கவலை. முடியை எடுத்துவிட்டுத் தைத்து அனுப்பிய பிள்ளை, மனநல மருத்துவரைப் பார்க்காவிட்டால் மறுபடி தின்னக்கூடும், மறுபடி கட்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். கை தலைக்குப் போகும் நேரத்தைக் கவனித்து, அந்த நேரத்தில் கைக்கு வேறு வேலை கொடுத்துப் பழக்கும் பயிற்சிகள் இருக்கின்றன. துக்கத்தைப் பேச இடம் கொடுக்கும் சிகிச்சை இருக்கிறது. மொட்டையடித்து விட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கும் பெற்றோரும் உண்டு. கூந்தலை வைத்தே பெண்பிள்ளையை மதிக்கிற ஊரில், அவளை வெட்கத்துக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளும் வேலை அது. திட்டுவதும் அடிப்பதும் அதே வேலையைத்தான் செய்யும்.

மாட்டுக்கு அப்படி மனக்காயம் எதுவும் ஆறவேண்டியதில்லை. அது திரும்பிப் போகும் இடம்தான் ஆபத்து. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பை, தட்டு, குவளை, உறிஞ்சுகுழல் உட்பட 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. இரண்டையும் நான் மனதார வரவேற்றேன், இப்போதும் மஞ்சப்பையோடுதான் கடைக்குப் போகிறேன். ஆனால் ஊருக்குள் குப்பை வாங்க வரும் தூய்மைக் காவலர்கள், காட்டுக்குள் தனித்தனியாக இருக்கும் தோட்டத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் வர முடிவதில்லை. அங்கே ஒன்று பை எரிகிறது, இல்லையென்றால் சாணிக் குப்பைக்குழியில் விழுகிறது. ஆடி மாதம் குப்பை அடிக்கும்போது சாணியோடு காட்டுக்குள் போய், தட்டுப்பயிரின் அடியில் கிடந்து, தட்டோடு கட்டுத்தரைக்கே திரும்பி வருகிறது.

முன்பெல்லாம் மாட்டு வயிற்றிலும் முடிப்பந்துதான் இருந்தது. தன்னையும் பக்கத்துக் கன்றையும் நக்கும் இளங்கன்றுகளின் வயிற்றில் ரோமம் சேர்ந்து, வழவழவென்று பந்தாகக் கிடக்கும். மனிதரின் முடிக்கட்டியை 1779இலேயே ஒரு பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். ஆக வெகுகாலம் இரண்டு இனமும் தத்தம் உடம்பில் முளைத்ததைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தன. பிறகு, கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையைக் கொண்டுவந்தபோது, ஏழை வீட்டுப் பெண்ணுக்கும் சில்லறைக் காசில் ஷாம்பு கிடைத்தது. நல்ல மனசோடு செய்த காரியம். 2019 தடையின் 14 வகைகளில் அந்தப் பாக்கெட் இடம்பெறவில்லை. அதுதான் கோவைச் சிறுமியின் வயிற்றில் முடியோடு பின்னிக் கிடந்தது. எங்கள் மாட்டின் வடத்தை அலசியபோதும் நகத்தளவு நீலத் துண்டுகள் ஏழெட்டு உதிர்ந்தன. அவற்றை அப்போது நான் கவனிக்கவில்லை. கோவைச் செய்தியை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் உறைத்தது.

போன மாசியில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அதே மாடு, இப்போது நாலாம் ஈத்து, கட்டுத்தரையில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அத்தை திண்ணையில் உட்கார்ந்து தலையை அவிழ்த்துச் சீவிக்கொண்டிருந்தார். சீப்பில் வந்த முடியை விரலில் சுற்றி, உருட்டி, பக்கத்துக் கம்பத்தில் தொங்கிய ஒரு கேரிபேக்கில் போட்டார். வாரம் ஒருமுறை வண்டியில் "சிக்குமுடி வாங்கறது" என்று கத்திக்கொண்டு வருபவருக்காகச் சேர்க்கிறாராம், போன தடவை ஒரு எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தாராம். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மாடு எழுந்து, கழுத்தை நீட்டி, அந்தப் பையின் அடியை நாக்கால் ஒரு சுற்று சுற்றியது.

"த்தோ!" என்று அத்தை பாய்ந்து போய்ப் பையைப் பிடுங்கினார். உள்ளே போய் ஒரு மூடி டப்பாவைக் கொண்டுவந்து முடியை எல்லாம் அதில் கொட்டி அடைத்தார். பிறகு, ஈரமான அந்தக் காலிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, இதை எங்கே போடுவது என்று வாசலையும் வேலியையும் சுற்றிப் பார்த்தபடி நின்றார்.